இரண்டு முறை தட்டினால்

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆறு பேர் இருந்தார்கள். சுவரோரம், ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு, கணவன். அவனுக்கு நேர் எதிரே, கைப்பையை மடியை விட்டு இறக்காமல், அவனுடைய அக்கா. ஜன்னல் பக்கம், வீட்டுப்பாட நோட்டும் தானுமாக, ஏழு வயது மகள். வாசலை ஒட்டிப் போட்ட நாற்காலியின் நுனியில், வரும்போதே கிளம்பத் தயாராக வந்தவர் மாதிரி, கத்தரி. சமையலறைக்கு எழுந்து போக வசதியான முனையில் அவள். மேசைக்கு அடியில், துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு, நான்கு வயது மகன்.

இத்தனை வருஷம் கழித்தும் இந்த வரிசையை அவள் தடுமாறாமல் சொல்லுவாள். அந்த மேசை இன்று இல்லை. வீடு மாறியபோது மாடிப்படி வளைவில் திரும்ப மறுத்ததால் அதன் கால்களை அறுத்து இறக்கி, யாருக்கோ கொடுத்தாயிற்று. அதற்கு அடியில் புகுந்த பையன் இன்று நிலைப்படியில் தலையைக் குனிந்துதான் உள்ளே வருகிறான். ஆனாலும் அவள் நினைத்துப் பார்க்கும்போது ஆறு பேரும் அவரவர் இடத்தில் இருக்கிறார்கள். தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது.

பையன் ஏன் கண்ணைக் கட்டிக்கொண்டிருக்கிறான் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. மேசைக்கடியில் அவன் என்ன செய்தாலும், சத்தம் வராத வரைக்கும் அதுவே பெரிய உபகாரம் என்று விட்டுவிடுகிற வீடு அது.

கத்தரி என்பது பட்டப்பெயர். கண் தெரியாதவர்களுக்காக நடந்த ஒரு நூலகத்தின் பின்கட்டில், ஜன்னலே இல்லாத ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து அவள் புத்தகங்களை உரக்கப் படிப்பாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கத்தரி அதை டேப்பில் பதிவார். படிக்கையில் நாக்கு பிசகினால் அவள் மேசையில் விரல் முட்டியால் இரண்டு முறை தட்டிவிட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். பிறகு அவர் சாவகாசமாக டேப்பை ஓட்டி, எங்கெல்லாம் இரண்டு தட்டு கேட்கிறதோ அங்கெல்லாம் தப்பை வெட்டி எடுத்துவிட்டு ஒட்டுவார். அதனால் கத்தரி. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

அந்த அறையைப் பற்றி அவளிடம் பேச்சைத் தொடங்கினால் நிறுத்துவது கஷ்டம். சுவர் முழுக்கப் பழைய கம்பளி அடித்திருக்கும். சரசரக்கிற துணி உடுத்தக் கூடாது. கைக்கடிகாரத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். வெறும் வயிற்றோடு வரக் கூடாது, ஏனென்றால் வயிறு கத்துவதும் மைக்குக்குக் கேட்கும். ஒருமுறை கதாநாயகி உயிர் விடுகிற கட்டத்தில் இவளுடைய வயிறு பேசி, கத்தரி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து சிரித்தார். சம்பளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்று வந்தது. "பஸ்ஸு கண்டக்டருக்கு நீ மாசாமாசம் குடுத்து வைக்கிற மொய்" என்பான் கணவன். அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிறவன். "என் கடையால ஆகாதுன்னு கைவிட்டவங்களை இவ எடுத்துக்கறா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான். கேலி மாதிரி சொன்னாலும் அதில் பெருமை தெரியும்.

அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். தபாலில் டேப் போய்ச் சேர்ந்த வீடுகளிலிருந்து கடிதம் வரும். கோழிப்பண்ணைக்காரர் ஒருவர், அவள் குரலைப் போட்டுவிட்டால் கோழிகள் சண்டை போடுவதில்லை என்று எழுதியிருந்தார். தன் தொண்டை ஒன்றுக்கு இத்தனை பேர் வீட்டில் நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்ற நினைப்பில், மதியம் இரண்டு மணிக்கு அந்த அறைக்கதவை இழுத்துச் சாத்தும்போது அவளுக்கு உடம்பே லேசாகிவிடும்.

அந்தத் தொண்டைக்கு ஒரு விலை இருந்தது. ஏழு மணிக்கு வேலை முடிந்தால் மறுநாள் மதியம் வரை பேசாமல் வாயைக் கட்ட வேண்டும். நூலகத் தலைவர் கண்டிப்பானவர். நேற்றைய குரலும் இன்றைய குரலும் ஒட்டாவிட்டால் கேட்கிறவர்கள் ஆளே மாறிவிட்டாள் என்று பயப்படுவார்கள் என்பார். அதனால் வீட்டில் கையாலேயே காலம் தள்ளினாள். வயிற்றைத் தொட்டால் 'சாப்பிட்டியா', காதைப் பிடித்தால் 'குளிச்சியா', நெற்றியில் விரலால் கோடு போட்டால் 'வீட்டுப்பாடம்'. பிள்ளைகளும் தங்களுக்குப் பேச முடியும் என்பதை மறந்து கையாலேயே பதில் சொன்னார்கள். புதிதாக வந்த பால்காரர் இரண்டு மாதம் அந்த வீட்டில் யாரோடும் வாய் திறந்து பேசவில்லை. சைகையிலேயே பாலை அளந்து ஊற்றிவிட்டுப் போனார்.

இரண்டு தட்டும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கோபத்தில் ஏதாவது சொல்லிவிட்டால் மேசையிலோ சுவரிலோ இரண்டு முறை தட்டிவிட வேண்டியதுதான், சொன்னது சொல்லாததாகிவிடும், திரும்ப முதலிலிருந்து சொல்லலாம். கணவன் அவள் பிறந்த வீட்டைப் பற்றிப் பேச்செடுத்த நாட்களில் கதவு, அலமாரி, தட்டுமுட்டு எல்லாவற்றையும் தட்டியிருக்கிறான். மகள் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது தப்பான இடத்தில் மேசையைத் தட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க, 'உங்கள் மகள் வகுப்பில் தாளம் போடுகிறாள்' என்று ஆசிரியை சீட்டு எழுதி அனுப்பினார்.

இந்த அன்றாடமெல்லாம் நாத்தனாரை நம்பி ஓடியது. பள்ளி விட்டதும் பிள்ளைகள் இரண்டும் அடுத்த தெருவில் அவள் வீட்டுக்குப் போகும். ஏழரை மணிக்கு இவள் போய்க் கூட்டி வருவாள். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை எடுத்ததும் நாத்தனார்தான்.

"எனக்கு ஒரு வேலை கெடச்சிருக்கு" என்றாள், கைப்பையைப் பார்த்துக்கொண்டு. "திரைச்சீலை தைக்கிற கடையில. வீடு வீடாப் போய் ஜன்னலை அளக்கணும். அடுத்த மாசத்துலேர்ந்து."

"நீயா? உனக்கு எதுக்குடி வேலை" என்றான் தம்பி.

"அக்காவை வாடி போடின்னு பேசறதை முதல்ல தட்டு."

அவன் மேசையில் இரண்டு தட்டினான்.

"வேணாம்னு சொல்லிடச் சொன்னா சொல்லிடறேன்" என்றாள் நாத்தனார். "உங்களுக்குத்தான் கஷ்டம்."

சொல்லும்போதே அவள் விரல் கைப்பைக்குள் எதையோ உருட்டிக்கொண்டிருந்தது. மகள் எட்டிப் பார்த்து, "அத்தை புது இஞ்சு டேப்பு வாங்கிட்டாங்க" என்றாள். மஞ்சள் நிறம், மடிப்புக் கலையாதது. நாற்பத்தாறு வயதில் முதல் முதலாக வேலைக்குப் போகிறவள், வேலை தொடங்கும் முன்பே அதைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

"வேணாம் அண்ணி" என்றாள் இவள். தொண்டையை மதிக்காமல் வாய் திறந்து சொன்னாள். "நீங்க போங்க. போகத்தான் வேணும்."

பிறகு கத்தரியின் முறை. அவர் இரண்டு கடிதங்கள் கொண்டுவந்திருந்தார். முதலாவது தலைவருடையது. மூன்று பாகமுள்ள ஒரு பெரிய நாவலை அடுத்து எடுக்கப் போகிறார்கள். இரண்டு வருஷ வேலை. தொடங்கினால் ஒரே குரலில் முடிய வேண்டும், நடுவில் விட முடியாது. அவள் குரலைத்தான் மனதில் வைத்திருக்கிறேன், புதன்கிழமைக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும் என்று எழுதியிருந்தார்.

அந்தப் புத்தகத்தை அவள் சிறு பெண்ணாக இருந்தபோது பள்ளிக்கூடத்து அலமாரியிலிருந்து பாகம் பாகமாக எடுத்துப் படித்து, மூன்றாம் பாகம் முடிந்த அன்று சாப்பிட மாட்டேன் என்று படுத்தவள். இப்போது வேண்டியதை யாரோ தட்டில் வைத்து நீட்டுகிற மாதிரி இருந்தது. அவள் கணவனைப் பார்த்தாள்.

"எடுத்துக்கோயேன்" என்றான் அவன். "ரெண்டு வருஷம்தானே. நான் பார்த்துக்கறேன்."

"எப்படி?"

"எப்படியாவது."

"கடைய எட்டு மணிக்குத்தான் மூடறே. எப்படியாவதுன்னா யாரு, என்னை நினைச்சுச் சொல்றியா" என்றாள் அக்கா.

"தங்கச்சி மாட்டேன்னா என்ன ஆகும்னும் சொல்லிடறேன்" என்றார் கத்தரி. "ஒரு வாத்தியாரம்மா காத்துக்கிட்டு இருக்காங்க. நல்ல குரல். இருக்கறது ஒரே ரூமு. அவங்க உள்ளே வந்தா நீங்க வெளியிலதான்."

"உங்களுக்கு எது நல்லதுன்னு படுது அண்ணே?"

"எனக்கு வெட்டத்தான் தெரியும். எதை வெட்டறதுன்னு நீங்கதான் தட்டணும்." சொல்லிவிட்டு அவர் இரண்டாவது கடிதத்தை நீட்டினார். "இது பதினோராம் டேப்பைப் பத்தி."

அப்போது அவள் பதிந்துகொண்டிருந்தது ஒரு கடற்பயண நாவல். முடிந்த டேப்புகளைக் கேட்பவர்களுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். இன்னும் எழுபது பக்கம் மிச்சம். கடிதத்தை எழுதியது தொலைபேசி நிலையத்தில் நாற்பது வருஷம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு இணைப்புக் கொடுத்த ஓர் அம்மாள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி எழுத வைத்திருந்தார். கணவன் உரக்கப் படித்தான்.

'பதினோராம் டேப்பில், கப்பல் புயலில் மாட்டுகிற இடத்தில், ஒரு குழந்தை "அம்மா, இன்னும் எவ்வளவு இருக்கு" என்று கேட்கிறது. நீங்கள் "கொஞ்சம்தான்" என்கிறீர்கள். பிறகு புயல் தொடர்கிறது. எனக்குக் காது கூர்மை. அந்த டேப்பையும் அடுத்த இரண்டு டேப்பையும் நாலு முறை கேட்டுவிட்டேன். குழந்தை அப்புறம் பேசவே இல்லை. தலைவன் கரை சேர்ந்தானா மூழ்கினானா என்பதில் எனக்கு இப்போது அக்கறை இல்லை. அந்தக் குழந்தை எங்கே உட்கார்ந்திருந்தது? சாப்பிட்டதா? தெரியாமல் மேலே கேட்க எனக்கு மனம் வரவில்லை.'

கணவன் கடிதத்தை மேசை மேல் வைத்தான்.

அது மழைக்காலத்தில் நடந்தது. பள்ளிக்கூட வகுப்பில் தண்ணீர் புகுந்து விடுமுறை விட்டார்கள். நாத்தனாருக்குக் காய்ச்சல். பையனைக் கணவன் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். மகளை இவள் பதிவு அறைக்குக் கூட்டிப் போய், ஒரு தலையணையைக் கொடுத்து மேசைக்கடியில் உட்கார வைத்தாள். மூச்சு விடாமல் இரு என்றாள். குழந்தை ஒரே ஒரு முறை கேட்டது. இவள் பதில் சொல்லிவிட்டுப் படிப்பைத் தொடர்ந்தாள்.

"அதை ஏன் அண்ணே வெட்டாம விட்டீங்க?"

"நீங்க தட்டல" என்றார் கத்தரி. "தட்டாததை நான் வெட்டினதே இல்ல. நானும் அன்னைக்கு யோசிச்சேன். மறந்துட்டாங்களா, இல்ல அது தப்புன்னே அவங்களுக்குத் தோணலையான்னு. தெரியல. விட்டுட்டேன்."

அவளுக்கே தெரியவில்லை. ஆறு வருஷத்தில் ஒரு எழுத்துப் பிசகினாலும் தட்டிய கை. அன்றைக்கு மட்டும் ஏன் சும்மா இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

"நீ தூங்கிட்டேதானே கண்ணு?" என்று மகளிடம் கேட்டாள்.

"இல்லையே. எண்ணிட்டிருந்தேன்."

"என்னத்தை?"

"உன் கால் விரலை. பக்கம் திருப்பறப்போ சத்தம் வரக் கூடாதுன்னு நீ மெதுவாத் திருப்புவ இல்ல, அப்பல்லாம் கட்டை விரலை ஒரு தடவை மடக்குவ. கீழே இருந்து நல்லாத் தெரிஞ்சுது." நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், கணக்கு ஒப்பிக்கிற குரலில் சொன்னாள். "நீ கொஞ்சம்தான்னு சொன்னதுக்கப்புறம் முப்பத்தொரு தடவை மடக்கின. அதனால இப்ப எனக்குத் தெரியும். கொஞ்சம்னா முப்பத்தொண்ணு."

குற்றம் சொல்கிற குரல் அதில் துளியும் இல்லை. ஒரு அளவு தெரிந்துகொண்ட திருப்திதான் இருந்தது. குற்றம் சொல்லியிருந்தாலாவது சமாளித்திருக்கலாம் என்று அவள் பிற்பாடு பல முறை நினைத்திருக்கிறாள்.

கத்தரி எழுந்தார். இரண்டு கடிதத்தையும் அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். "நாளைக்கு வந்தா பார்க்கலாம். பதிலைத் தபாலில் போடுங்க. என் கையில குடுத்தா வழியில பிரிச்சுப் படிச்சுடுவேன்." நாத்தனாரும் கூடவே கிளம்பினாள். இஞ்சு டேப்பை மறந்து மேசையில் வைத்துவிட்டு, வாசல் வரை போய், திரும்பி வந்து எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் பையன் மேசைக்கடியிலிருந்து வெளியே வந்தான். கண்கட்டோடு நாற்காலிகளில் முட்டி முட்டி, கையால் துழாவி, அவள் முழங்காலைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டான். இன்னொரு கையில் யானை படம் போட்ட புத்தகம்.

"எனக்கும் கண்ணு தெரியல" என்றான். "இப்பப் படி."

காலையிலிருந்து பையன் அந்தத் துண்டைக் கட்டிக்கொண்டு காத்திருந்திருக்கிறான். எல்லோரும் பேசி முடிக்க வேண்டும் என்கிற மரியாதை கூட அவனுக்கு இருந்திருக்கிறது. அவன் துண்டை ஒரு பக்கம் லேசாகத் தூக்கி அம்மா புத்தகத்தைக் கையில் வாங்கிவிட்டாளா என்று ஒரு கண்ணால் சரிபார்த்துவிட்டு, மறுபடி இறக்கிவிட்டுக்கொண்டான்.

அவள் அவனை மடியில் தூக்கி உட்கார வைத்துப் படிக்கத் தொடங்கினாள். பன்னிரண்டே பக்கம். பெரிய பெரிய எழுத்து. நானூறு பேருக்குப் புயலையும் போரையும் படித்தவள், யானை ஆற்றைக் கடக்கிற இரண்டாம் பக்கத்திலேயே தடுக்கினாள். பழக்க தோஷத்தில் கை தானாகவே போய் மேசையில் இரண்டு முறை தட்டியது.

"தட்டாத" என்றான் பையன். "தப்பாவே படி."

அவள் தப்பாகவே படித்தாள். முடிந்ததும் திரும்ப. மூன்றாம் முறை மகள் நோட்டை மூடிவிட்டு வந்து நாற்காலிக் கையில் உட்கார்ந்துகொண்டாள். உட்காரும் முன் குனிந்து அம்மாவின் காலைப் பார்த்தாள். "வீட்டுல நீ விரலை மடக்கறதில்லை" என்றாள்.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கியபோது அவள் குரல் கரகரவென்று ஆகிவிட்டிருந்தது. மறுநாள் பதிவுக்கு அது உதவாது. கணவன் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய்க் கால் கழுவ வைக்கிற நேரத்தில், அவள் மேசையைத் துடைத்து, காகிதம் எடுத்து, தேதி போட்டு, சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்தபடி இடப்பக்கம் இரண்டு விரல் விட்டு, எழுதினாள்.

'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது. அந்தப் புத்தகத்தை எனக்கென்று நினைத்ததற்கு நான் என்ன கைம்மாறு செய்வேன். ஆனால் அதை என்னால் எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டு வருஷம் பெரியது என்பதால் அல்ல. என் வீட்டில் இரண்டு வருஷம் என்பது கொஞ்சம்தான் என்று நானே சொல்லிவிடுவேன், அதனால். இப்போது படிக்கும் நாவலில் மீதி எழுபது பக்கத்தை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் அறையை விடுவேன். கடைசிப் பக்கத்துக்குப் பிறகு, புத்தகத்தில் இல்லாத ஒரு வாக்கியத்தைச் சேர்க்க அனுமதி வேண்டும். குழந்தை மேசைக்கடியில்தான் இருந்தது, வீட்டுக்கு வந்து சாப்பிட்டது, என்பதே அது. அதை என் மகளே சொல்லுவாள். டேப் வெட்டுகிறவர் அதை வெட்ட வேண்டாம்.'

படித்துப் பார்த்தாள். நான்கு வரி அடிக்கும் அளவுக்கு மனம் குறுகுறுத்தது. அடிக்கவில்லை. 'வெட்ட வேண்டாம்' என்பதன் கீழ் மட்டும் ஒரு கோடு போட்டாள்.

அந்தப் பெரிய புத்தகத்தை வாத்தியாரம்மாதான் படித்தார். பல வருஷம் கழித்து அவள் நூலகத்துக்கு ஒரு வேலையாகப் போனபோது கத்தரி முதல் டேப்பைப் போட்டுக் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் வீட்டுக்குத் திரும்பும் பாதை இன்னும் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை, பிள்ளைகளிடமும்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்குச் சாயங்காலம், மடித்த கடிதத்தை உறையில் போட்டதும், ஒட்டுகிற வேலை எனக்குத்தான் என்று பையன் சண்டைக்கு வந்தான். நாக்கால் நனைத்து, ஈரம் கூடிப்போய், உறை நெளிந்தது. மகள் தன் நோட்டை அதன்மேல் வைத்து அதற்கும் மேல் ஏறி உட்கார்ந்து நூறு வரை எண்ணினாள். தபால்தலையை அம்மா ஒட்டினாள். மூன்று பேரும் தெருமுனைக்கு நடந்தார்கள். பையன் கழுத்தில் அந்தத் துண்டு இன்னமும் தொங்கியது.

தபால் பெட்டியின் வாயில் உறையை வைத்து அவள் ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு விட்டாள். உள்ளே அது மற்றக் கடிதங்களின் மேல் விழுகிற சத்தம் கேட்டது. அவள் கை தானாக மேலே எழுந்து, விரல் முட்டி மடங்கி, பெட்டியின் தகரத்தில் ஒரு முறை தட்டியது.

பிள்ளைகள் இருவரும் அண்ணாந்து பார்த்தபடி அடுத்த தட்டுக்குக் காத்திருந்தார்கள். அவள் கையை இறக்கிப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு தட்டுக்கு என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் யாரும் வைத்திருக்கவில்லை.